பொறிக்குப் புதிய பணி கற்பித்தல்

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழி. அளப்பது ஒரு கலை. அளந்தவற்றைத் தொகுத்து, அவை உணர்த்தும் பொருளைத் தெளிவது அதனினும் அரிய கலை. அதனையே புள்ளியியல் என்கிறோம். பயிரின் விளைச்சல், மழையின் அளவு, நோயின் பரவல், தேர்வின் முடிவு ஆகிய யாவற்றையும் எண்களாக்கி ஆராயும் இக்காலத்தில், அந்த ஆராய்ச்சியின் பெரும்பகுதியைக் கணிப்பொறிகளே செய்து தருகின்றன. அப்பொறிகளில் இயங்கும் புள்ளியியல் மென்பொருள்களைப் பற்றி மாணவர்கள் ஓரளவேனும் கேள்வியுற்றிருப்பீர்கள். அம்மென்பொருள்களைச் செய்தவர்கள் நினைத்தும் பாராத புதிய பணிகளை நாமே அவற்றுக்குக் கற்பிக்க முடியும். எங்ஙனம் கற்பிக்கிறோம் என்பதையும், கற்பிக்கும்போது நாம் ஏற்கும் பொறுப்பு எத்தகையது என்பதையும் இன்று சிறிது ஆராய்வோம்.

முதலில் இம்மென்பொருள்கள் தோன்றிய வரலாற்றைச் சுருங்கக் காண்போம். 1966-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆந்தனி பார் என்பவர் ஒரு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். வேளாண்மை ஆராய்ச்சி நிலையங்களில் நடந்த வயற்சோதனைகளால் திரண்ட எண்களை ஆராய்வதே அதன் முதல் நோக்கமாக இருந்தது. பின்னர் ஜேம்ஸ் குட்நைட், ஜான் சால், ஜேன் ஹெல்விக் ஆகியோரும் அம்முயற்சியில் சேர்ந்தனர். 1976-ஆம் ஆண்டில் அது தனி நிறுவனமாயிற்று. 'ஸ்டாட்டிஸ்டிக்கல் அனாலிசிஸ் சிஸ்டம்' என்னும் பெயரின் முதலெழுத்துகளைக் கூட்டி அம்மென்பொருளைச் 'சாஸ்' என்று அழைத்தனர். சமூக இயல் ஆராய்ச்சிக்கென 1968-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எஸ்.பி.எஸ்.எஸ். என்பது தோன்றியது. 1990-களில் நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்னும் இரு பேராசிரியர்கள் 'ஆர்' என்னும் மென்பொருளை ஆக்கி, விலையின்றி யாவரும் பயன்படுத்துமாறு வழங்கினர். இன்றைய பேச்சில் பெரும்பாலும் சாஸ் மென்பொருளையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஒன்றை நன்கு அறிந்தால் மற்றவற்றை அறிவது எளிது.

சாஸ் மென்பொருளைக் கொண்டு ஒரு கணக்கைச் செய்ய வேண்டுமானால் அதற்குரிய கட்டளைகளை எழுத வேண்டும். சராசரி காண 'பிராக் மீன்ஸ்' என்று தொடங்கும் கட்டளை உண்டு. எந்தப் பட்டியலிலிருந்து எண்களை எடுப்பது, எந்தப் பத்தியின் சராசரியைக் காண்பது, எதனை வைத்து வகைப்படுத்துவது என்பவற்றை அடுத்தடுத்த வரிகளில் குறிக்க வேண்டும். கட்டளைகளைக் கற்றவர்களுக்கு இஃது எளிது. ஆனால் எண்களோடு பழகும் எல்லோரும் கட்டளை மொழி கற்றவர்கள் அல்லர். மருத்துவர் உண்டு, வேளாண்மை அலுவலர் உண்டு, பள்ளிகளைப் பார்வையிடும் அதிகாரி உண்டு. அவர்களுக்காகவே கட்டளைகளுக்குப் பதிலாகப் படிவங்களை முன்வைக்கும் முறை பிறந்தது. 'சாஸ் எண்டர்பிரைஸ் கைடு' என்பதும் 'சாஸ் ஸ்டூடியோ' என்பதும் அம்முறையைக் கையாளுகின்றன. படிவத்தில் விடைகளைக் குறித்துவிட்டால் கட்டளைகளைப் பொறியே எழுதிக்கொள்ளும். இத்தகைய ஒவ்வொரு படிவத்தையும் 'டாஸ்க்', அதாவது 'பணி', என்று வழங்குகின்றனர்.

சராசரி காணும் பணி, வரைபடம் தீட்டும் பணி, இரு அளவுகளுக்கு இடையேயுள்ள தொடர்பை ஆராயும் பணி எனப் பல பணிகள் மென்பொருளோடு சேர்ந்தே வருகின்றன. ஆயினும் அவை பொதுப் பணிகள். கடையில் விற்கும் தைத்த சட்டை பலருக்கும் ஒருவாறு பொருந்தும்; ஒருவருக்கேனும் முற்றும் பொருந்துவது அரிது. அளவெடுத்துத் தைக்கும் தையற்காரரை நாம் நாடுவது அதனாலேயே. ஓர் அலுவலகத்தில் மாதந்தோறும் ஒரே வகை அறிக்கை தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அவ்வறிக்கைக்கு ஐந்து பொதுப் பணிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியிருக்கிறது. ஒருவர் ஒரு வரிசையில் செய்வார். மற்றொருவர் வேறு வரிசையில் செய்வார். மூன்றாமவர் ஒன்றை மறந்தே போவார். இத்தொல்லையை நீக்க, ஐந்தையும் ஒரே படிவத்துள் அடக்கிய புதிய பணியை அமைத்து மென்பொருளோடு சேர்த்துவிடலாம். இதனைக் 'கஸ்டம் டாஸ்க்' என்பர். நாம் 'தனிப்பணி' என்று கூறுவோம்.

தனிப்பணியின் அமைப்பு என்ன? கூர்ந்து நோக்கினால் அது மூன்று கூறுகளால் ஆனது என்பது விளங்கும். முதலாவது, கேட்டல். எந்தப் பட்டியல், எந்தப் பத்தி, என்ன எல்லை என்று படிவத்தின் வாயிலாக அது வினவுகிறது. இரண்டாவது, எழுதுதல். பெற்ற விடைகளைக் கொண்டு சாஸ் மொழியில் கட்டளைகளை எழுதுகிறது. மூன்றாவது, நினைவில் வைத்தல். இன்று குறித்த விடைகளை அடுத்த மாதம் திறக்கும்போதும் அப்படியே காட்டுகிறது. தனிப்பணி தானே கணக்கிடுவதில்லை என்பதை இங்கு மறத்தலாகாது. கணக்கிடுவது சாஸ் மென்பொருளே. கேட்பவரின் விருப்பத்தைப் பொறியின் மொழியில் எழுதித் தரும் எழுத்தர் போன்றது தனிப்பணி. எழுத்தர் பிழையாக எழுதினால், பொறி அப்பிழையையும் பழுதின்றி நிறைவேற்றிவிடும்.

எண்டர்பிரைஸ் கைடுக்குத் தனிப்பணி அமைப்பவர்கள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'டாட் நெட்' அமைப்பில், 'சி ஷார்ப்' அல்லது 'விஷுவல் பேசிக்' மொழியில் எழுதுவர். எழுதியதை ஒரு கோப்பாக்கி, அதற்கென்று குறிக்கப்பட்ட ஃபோல்டரில் இட்டால், மென்பொருள் தான் தொடங்கும்போது அதனைக் கண்டுகொண்டு மெனுவில் சேர்த்துக்கொள்ளும். முன்பின் அறியாத கோப்பை மென்பொருள் எவ்வாறு அறிந்துகொள்கிறது என்று நீங்கள் வினவலாம். அவ்விரண்டுக்கும் இடையே ஓர் உடன்படிக்கை உண்டு. "உன் பெயர் என்ன? உன் படிவத்தைக் காட்டு. நீ எழுதிய கட்டளைகளைக் கொடு. நினைவில் வைக்க வேண்டியவற்றை எழுத்தாகத் தா" என்று மென்பொருள் கேட்கும். இவற்றுக்கு முறைப்படி விடை தரும் எந்தக் கோப்பையும் அது தன் பணிகளுள் ஒன்றாக ஏற்கும்.

சாஸ் ஸ்டூடியோவில் இதனினும் எளிய முறை ஒன்று வந்தது. அதில் தனிப்பணி என்பது 'எக்ஸ்.எம்.எல்.' என்னும் குறியீட்டு முறையில் எழுதப்பட்ட ஒரே கோப்பு. பணியின் பெயரும் விளக்கமும் ஒரு பகுதி. அதற்கு வேண்டிய பட்டியலும் பத்திகளும் விருப்பங்களும் ஒரு பகுதி. அவை படிவத்தில் எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது ஒரு பகுதி. எந்த விடையைக் குறித்தால் எந்த வினா திறக்க வேண்டும் என்பது ஒரு பகுதி. இறுதியாகக் கட்டளைகளின் வார்ப்பு ஒரு பகுதி. இவ்வார்ப்பை 'வெலாசிட்டி' என்னும் வார்ப்பு மொழியில் எழுதுவர். அச்சிட்ட விண்ணப்பத்தில் கோடிட்ட இடங்களை நிரப்புவது போல, வார்ப்பில் விட்ட இடங்களைப் படிவத்தின் விடைகள் நிரப்பும். சாஸ் ஸ்டூடியோவின் புதிய பதிப்புகளில் 'கஸ்டம் ஸ்டெப்' என்னும் வேறொரு முறையும் சேர்ந்திருக்கிறது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருளிலும் புதிய படிவங்களை அமைக்க வழி உண்டு. 'ஆர்' மென்பொருளிலோ, உலகெங்கும் உள்ளவர்கள் எழுதிய தொகுப்புகளைப் பகிர்ந்துகொள்ள 1997 முதல் 'கிரான்' என்னும் பொதுக் களஞ்சியமே இயங்கி வருகிறது. முறைகள் வேறுபடினும் கேட்டல், எழுதுதல் என்னும் அடிப்படை மாறுவதில்லை.

இதுவரை கூறியவை செய்முறை. இனிப் பொறுப்பைப் பற்றிக் கூறுவோம். பள்ளிக் கணக்கு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஒரு வகுப்பில் 40 மாணவர்கள் இருக்கின்றனர். தேர்வன்று 4 பேர் வரவில்லை. 36 பேர் எழுதினர். எழுதியவர்களுள் 27 பேர் 35 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சியடைந்தனர். 9 பேர் தவறினர். 36 பேரும் பெற்ற மதிப்பெண்களின் கூட்டுத்தொகை 1800. வகுப்பின் சராசரி என்ன? தவறியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்? இவ்விரண்டையும் காட்டும் தனிப்பணி ஒன்றை அமைக்க வேண்டும். இதனினும் எளிய வேலை உண்டோ என்று தோன்றும்.

வராத நால்வருக்கும் மதிப்பெண் இல்லை. பட்டியலில் அவர்களுக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். இதனை 'விடுபட்ட மதிப்பு' என்பர். சாஸ் மென்பொருள் எண் பத்தியில் விடுபட்ட மதிப்பை ஒரு புள்ளியால் குறிக்கிறது. 'பிராக் மீன்ஸ்' என்னும் கட்டளை சராசரி காணும்போது அப்புள்ளிகளை ஒதுக்கிவிட்டு, உள்ள எண்களை மட்டும் கூட்டி வகுக்கும். ஆகவே 1800-ஐ 36-ஆல் வகுத்து 50 என்று சரியான விடை தரும். இனித் தவறியவர்களை எண்ண வேண்டும். தனிப்பணி அமைப்பவர், "மதிப்பெண் 35-க்குக் குறைவானால் தவறியவர்" என்று கட்டளை எழுதுகிறார். இதில் என்ன பிழை இருக்க முடியும்? ஆனால் ஒப்பிடும்போது சாஸ் மென்பொருள், விடுபட்ட மதிப்பை எல்லா எண்களினும் சிறியதாகக் கொள்ளும். சுழியினும் சிறியது; எதிர்ம எண்களினும் சிறியது. ஆகவே தேர்வுக்கு வராத நால்வரும் 35-க்குக் குறைவாகப் பெற்றவர்களாகக் கருதப்படுவர். தவறியவர்கள் 9 அல்லர், 13 என்று பொறி கூறும். 40 பேரில் 13 என்றால் நூற்றுக்கு 32.5. உண்மையிலோ எழுதிய 36 பேரில் 9 பேர்; அதாவது நூற்றுக்கு 25.

விந்தை என்னவென்றால், அதே அறிக்கையில் சராசரி 36 பேரைக் கொண்டும் தவறியவர் விகிதம் 40 பேரைக் கொண்டும் கணக்கிடப்பட்டிருக்கும். இரண்டும் அடுத்தடுத்த வரிகளில், அழகிய கட்டங்களுக்குள், ஒரே எழுத்தில் அச்சாகியிருக்கும். பொறி பழுதடையவில்லை, எச்சரிக்கை எதுவும் தோன்றவில்லை. காய்ச்சலால் வீட்டில் படுத்திருந்த சிறுவன் கணக்கில் தவறியவனாகிவிட்டான். இத்தனிப்பணியை நூறு பள்ளிகள் பயன்படுத்துமாயின், நூறு பள்ளிகளிலும் அதே பிழை ஒரே நாளில் நிகழும். நோயாளிகள் மிகுதியாக உள்ள ஊரில் இருக்கும் பள்ளி, கற்பித்தலில் குறையுடைய பள்ளி என்று பெயரெடுக்கும். தனி ஒருவர் கையால் கணக்கிட்டுப் பிழை செய்தால் அது அவரோடு நிற்கும். தனிப்பணியில் நேர்ந்த பிழையோ அதனைத் தொட்டவர் எல்லோருடைய பிழையுமாகப் பெருகும். தனிப்பணியின் பயனுக்கும் தீமைக்கும் இதுவே காரணம்.

எல்லா மென்பொருள்களும் இவ்வாறே நடந்துகொள்ளும் என்று எண்ணலாகாது. 'ஆர்' மென்பொருளில் விடுபட்ட மதிப்பு இருக்கும் பத்திக்குச் சராசரி கேட்டால், அது எண்ணைத் தராது. விடை அறியக் கூடவில்லை என்றே கூறும். "விடுபட்டவற்றை நீக்கிவிட்டுக் கணக்கிடு" என்று நாம் வெளிப்படையாகச் சொன்ன பின்னரே சராசரி கிடைக்கும். ஒப்பிடும்போதும் அவ்வாறே. தெரியாத மதிப்பெண் 35-க்குக் குறைவா என்று கேட்டால், தெரியாது என்பதே அதன் விடை. இவற்றுள் எது சிறந்தது என்பது இங்கு வினா அன்று. ஒரு மென்பொருளின் வழக்கத்தை மற்றொன்றின் வழக்கமாகக் கருதித் தனிப்பணி அமைப்பது, ஒரு நாட்டின் நாணயத்தை மற்றொரு நாட்டுச் சந்தையில் நீட்டுவது போன்றதாகும்.

வேறு இரண்டு இடர்களையும் கூறவேண்டும். ஒன்று, எல்லையில் நிற்பவரைப் பற்றியது. சரியாக 35 பெற்ற மாணவி தேர்ச்சியடைந்தவள். "35-க்குக் குறைவு" என்று எழுத வேண்டிய இடத்தில் "35 அல்லது அதற்குக் குறைவு" என்று எழுதிவிட்டால் அவள் தவறியவளாவாள். ஒரு குறியின் வேறுபாடுதான். ஆயினும் அவளுக்கு அஃது ஓராண்டின் வேறுபாடு. மற்றொன்று, தோற்றத்திற்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு. பல தேர்வுகளின் சராசரியாக ஒரு மாணவனுக்கு 34.6 வந்திருக்கிறது. தசம இடங்கள் வேண்டா என்று அமைத்துவிட்டால், அறிக்கையில் அது 35 என்று தோன்றும். ஆனால் பொறியினுள் இருப்பது 34.6 தான். ஆகவே 35 என்று அச்சிட்ட வரியிலேயே 'தவறினான்' என்றும் அச்சாகும். முழு எண்ணாக்கிய பின் ஒப்பிடுவதா, ஒப்பிட்ட பின் முழு எண்ணாக்குவதா என்பதை விதிகளை வகுத்தவர்கள் முடிவு செய்ய வேண்டும். தனிப்பணி எழுதுபவர் தம் போக்கில் முடிவு செய்தல் கூடாது.

இவ்விடர்களை எவ்வாறு தவிர்ப்பது? தனிப்பணி அமைப்பவருக்குரிய கடமைகள் நான்கு என்று கூறலாம்.

முதற்கடமை, தெளிவாகக் கேட்டல். "வராதவர்களை எவ்வாறு கொள்வது?" என்னும் வினா படிவத்திலேயே இருத்தல் வேண்டும். நீக்குவதா, தவறியவர்களாகக் கொள்வதா, தனி வரியில் காட்டுவதா என்று பயன்படுத்துபவரே குறிக்கட்டும். ஒரு பள்ளியின் விதி ஒன்றாகவும் மற்றொன்றன் விதி வேறாகவும் இருக்கலாம். சாஸ் மென்பொருளில் வெறும் புள்ளியோடு, ஏ முதல் இசட் வரையுள்ள எழுத்துகளைச் சேர்த்தும் விடுபட்ட மதிப்புகளைக் குறிக்கலாம். வராதவருக்கு ஓர் எழுத்து, விடைத்தாள் இன்னும் திருத்தப்படாதவருக்கு மற்றோர் எழுத்து என்று வகுத்துக்கொண்டால், ஏன் விடுபட்டது என்பதும் பதிவாகும். அவையும் எண்களோடு ஒப்பிடும்போது சிறியனவாகவே கொள்ளப்படும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டாம் கடமை, பொருந்தாததை மறுத்தல். சராசரி காண வேண்டிய இடத்தில் ஒருவர் மாணவர்களின் பெயர்ப் பத்தியைக் குறித்தால் படிவம் அதனை ஏற்கலாகாது. எண் பத்தி மட்டுமே வேண்டும், ஒரு பத்திக்கு மேல் வேண்டா என்றெல்லாம் வரையறுக்கத் தனிப்பணிகளில் வழி உண்டு. மறுக்கும்போது காரணத்தையும் கூற வேண்டும். "பிழை" என்று மட்டும் கூறி நின்றுவிடுவது, விடைத்தாளில் சிவப்புக் கோடிட்டுவிட்டு எங்கே தவறு என்று சொல்லாமல் விடும் ஆசிரியரின் செயலை ஒக்கும்.

மூன்றாம் கடமை, வழியைக் காட்டுதல். கணக்குத் தேர்வில் விடைக்கு மட்டுமன்றி வழிக்கும் மதிப்பெண் தருகிறோம். ஏன்? வழி இருந்தால்தான் பிழை எங்கே நேர்ந்தது என்று பிறர் கண்டறிய முடியும். எண்டர்பிரைஸ் கைடில் ஒரு பணியை இயக்கினால், விடையோடு அது எழுதிய கட்டளைகளையும், 'லாக்' எனப்படும் நடவடிக்கைக் குறிப்பையும் காணலாம். தனிப்பணி எழுதும் கட்டளைகள் பிறர் படிக்கத்தக்கனவாக, வரிக்கு வரி விளக்கக் குறிப்புகளோடு இருத்தல் வேண்டும். அறிக்கையின் தலைப்பிலேயே "பட்டியலில் 40, எழுதியவர் 36, வராதவர் 4" என்று அச்சிட்டுவிட்டால், மேலே கூறிய பிழை நேர்ந்திருப்பினும் படிப்பவர் கண்ணில் அது பட்டுவிடும்.

வழியைக் காட்டுவதன் பயனை உலகம் அறிந்த நிகழ்ச்சி ஒன்று விளக்கும். 2010-ஆம் ஆண்டில் பேராசிரியர்களான கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் ஆகிய இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். நாட்டு வருமானத்தில் நூற்றுக்கு 90-க்கு மேல் அரசுக் கடன் பெருகிய நாடுகளில் பொருளாதார வளர்ச்சி மிகக் குன்றுகிறது என்று அதில் எழுதியிருந்தனர். 1946 முதல் 2009 வரையுள்ள கணக்கின்படி அத்தகைய நாடுகளின் சராசரி வளர்ச்சி ஆண்டுக்கு நூற்றுக்கு 0.1 குறைவு என்று காட்டினர். பல நாடுகளில் அரசின் செலவைச் சுருக்க வேண்டும் என்று வாதிட்டவர்கள் இக்கட்டுரையைச் சான்றாகக் காட்டினர். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்ஹெர்ஸ்ட் வளாகத்தில் பயின்ற தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் அக்கணக்கைத் தாமும் செய்து பார்க்க முயன்றார், விடை வரவில்லை. பேராசிரியர்களிடம் கேட்க, அவர்கள் தம் 'எக்செல்' பட்டியலை அனுப்பிவைத்தனர். அதனை ஆராய்ந்தபோது, 20 நாடுகளைச் சேர்க்க வேண்டிய சராசரியில் 15 நாடுகளே சேர்ந்திருந்தமை புலனாயிற்று. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஆகிய ஐந்தும் விடுபட்டிருந்தன. 2013-இல் ஹெர்ண்டனும் அவருடைய பேராசிரியர்களான மைக்கேல் ஆஷ், ராபர்ட் போலின் ஆகியோரும் தம் முடிவை வெளியிட்டனர். அவர்கள் கணக்கின்படி அச்சராசரி வளர்ச்சி 2.2 ஆக இருந்தது. இவ்வளவு பெரிய வேறுபாடு முழுவதும் அந்த ஒரு பிழையால் வந்ததன்று. சில ஆண்டுகளின் எண்களைச் சேர்க்காமையும், நாடுகளுக்கு அளித்த எடையும் பெரும் பங்கு கொண்டன. பட்டியற் பிழையைக் கட்டுரையாளர்கள் ஒப்புக்கொண்டனர். ஆயினும் தம் பொதுவான முடிவு மாறவில்லை என்றனர். எங்ஙனமாயினும், அவர்கள் பட்டியலைக் கொடுத்தமையால்தான் உண்மை தெளிந்தது என்பதை மறுக்க இயலாது. அவர்கள் செய்த உதவியும் போற்றத்தக்கது. வந்த விடையை நம்பிவிடாமல் தாமே செய்து பார்த்த மாணவரின் முயற்சியும் போற்றத்தக்கது.

நான்காம் கடமை, விடை தெரிந்த கணக்கால் சோதித்தல். தனிப்பணியை ஊருக்கு வழங்குமுன், கையால் செய்யக்கூடிய சிறு பட்டியல் ஒன்றை அதற்குக் கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, ஐந்து மாணவர்கள், மதிப்பெண்கள் 60, 50, 35, 31, ஐந்தாமவர் வரவில்லை. எழுதியவர் நால்வர், கூட்டுத்தொகை 176, சராசரி 44. தவறியவர் ஒருவர், நால்வரில் ஒருவர் என்பதால் நூற்றுக்கு 25. தனிப்பணி சராசரியை 35.2 என்று கூறினால், வராதவருக்குச் சுழி இட்டு ஐந்தால் வகுத்துவிட்டது என்று அறியலாம். தவறியவர் நூற்றுக்கு 40 என்றால், வராதவரைத் தவறியவரோடு சேர்த்துவிட்டது. 50 என்றால், 35 பெற்றவரைத் தவறியவராக்கிவிட்டது. 60 என்றால் இரு பிழைகளும் நேர்ந்துள்ளன. ஐந்து வரிப் பட்டியல் ஒன்று, நோயைக் காண்பது மட்டுமின்றி எந்த நோய் என்றும் கூறிவிடுகிறது அன்றோ! இதனோடு, ஒரு வரியும் இல்லாத பட்டியல், ஒருவர் மட்டுமே உள்ள பட்டியல், எவருமே தேர்வெழுதாத பட்டியல் ஆகியவற்றையும் கொடுத்துப் பார்க்க வேண்டும். பின்னர்த் தனிப்பணியில் எந்த மாற்றம் செய்தாலும் இச்சோதனைகளை மீண்டும் நடத்தி, பதிப்பின் எண்ணையும் நாளையும் அறிக்கையில் அச்சிட வேண்டும். எந்த அறிக்கை எந்தப் பதிப்பால் வந்தது என்று தெரிந்தால்தான், பிழை கண்டபின் பழைய அறிக்கைகளுள் எவற்றைத் திருத்த வேண்டும் என்று அறிய முடியும்.

இந்நான்கையும் செய்த பின்னும் பொறியால் அறிய முடியாதது ஒன்று உண்டு; அது எண்ணின் பொருள். மாணவருக்கு 1, மாணவியருக்கு 2 என்று குறித்த பத்தியும் எண் பத்தியே. அதன் சராசரியைக் கேட்டால் 1.5 என்று பொறி தயங்காமல் கூறும். அவ்விடைக்குப் பொருள் இல்லை என்பது அதற்குத் தெரியாது. சில அலுவலகங்களில் விவரம் கிடைக்காதபோது 999 என்று எழுதும் வழக்கம் உண்டு. அதனை விடுபட்ட மதிப்பு என்று முன்பே அறிவிக்காவிட்டால், ஒருவர் 999 மதிப்பெண் பெற்றதாகவே பொறி கூட்டும். வடிவத்தைப் பொறி சோதிக்கும். பொருளை மனிதரே சோதிக்க வேண்டும். ஆகவே தனிப்பணி அமைப்பவர் கட்டளை மொழியை மட்டும் கற்றால் போதாது. அவ்வெண்கள் எந்த வயலில், எந்த வகுப்பில், எந்த மருத்துவமனையில், யாரால் எழுதப்பட்டன என்பதையும் அங்கே உள்ளவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சாஸ் மென்பொருளின் வரலாறே வேளாண்மைச் சோதனைகளில் தொடங்கியது என்று முன்னர்க் கூறினோம். வயலை அறிந்தவரும் கணக்கை அறிந்தவரும் ஒருங்கு அமர்ந்தமையால் பிறந்த கருவி அது.

மாணவர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய தனிப்பணிகளை எழுதுவீர்கள். பலர் பிறர் எழுதியவற்றைப் பயன்படுத்துவீர்கள். எல்லோரும் அவற்றிலிருந்து வரும் அறிக்கைகளைப் படிப்பீர்கள். எந்த அறிக்கை கைக்கு வந்தாலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள்: எத்தனை பேரைக் கொண்டு இக்கணக்கு செய்யப்பட்டது? யார் விடுபட்டனர், ஏன்? இதன் வழியை நான் காணலாமா? இவற்றுக்கு விடை கிடைக்காத அறிக்கையை, எவ்வளவு அழகாக அச்சிட்டிருப்பினும், உடனே நம்பிவிடாதீர்கள்.

இன்றே தொடங்க விரும்புவோர்க்கு ஒரு பயிற்சி கூறி முடிக்கிறேன். மேலே கூறிய ஐந்து வரிப் பட்டியலைத் தாளில் எழுதுங்கள். சராசரியையும் தவறியவர் விகிதத்தையும் கையால் கணக்கிடுங்கள். பின்னர் உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ கிடைக்கும் எந்த மென்பொருளிலாவது அதே பட்டியலை இட்டுப் பாருங்கள். 'ஆர்' விலையின்றிக் கிடைப்பது. அதிலும் செய்து பார்க்கலாம். இரு விடைகளும் ஒத்திருந்தால் ஏன் ஒத்தன என்றும், மாறியிருந்தால் எந்த இடத்தில் மாறின என்றும் நான்கு வரிகளில் எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.